எல்லைக்கு அனுப்பப்பட்ட தெய்வம்: பாவ்நிங் கோயில் பட்டுச் சுருள்களைக் காத்தலும் காட்டலும்

சீனாவின் ஷான்சி மாகாணத் தலைநகர் தாய்யுவான். அங்குள்ள ஷான்சி அருங்காட்சியகத்தில் 139 பட்டுச் சுருள்கள் அடங்கிய ஒரு தொகுதி இருக்கிறது. மிங் அரசர் காலத்தில், 1460ஐ ஒட்டிய ஆண்டுகளில் தீட்டப்பட்டவை. மாகாணத்தின் வட கோடியில், பெருஞ்சுவரின் ஷாஹுகோவ் கணவாய்க்கு அருகே யோயூ என்றொரு பழைய கோட்டை நகரம் உண்டு. அந்நகரத்துப் பாவ்நிங் கோயில்தான் இவற்றின் வீடு. பௌத்தக் கோயில் அது. ஆனால் சுருள்களில் புத்தர்களும் போதிசத்துவர்களும் மட்டும் இல்லை. தாவோ சமயத்துத் தேவர்கள், கோள்களின் அதிபதிகள், மலை, ஆறு, நகரங்களின் காவலர்கள், பழங்கால அரசர்கள், போரிலும் பஞ்சத்திலும் செத்தவர்களின் ஆவிகள் என்று ஓர் உலகமே வரிசையில் நடந்து வருகிறது.

அந்த வரிசையில் ஒரு சுருள், தாவோ சமயத்தின் நான்கு வடதிசைக் காவலர்களுக்கு உரியது: தியான்பெங், தியான்யோ, யிஷெங், ஷுவான்வு. கடைசியாகச் சொன்ன ஷுவான்வுதான் ஜென்வு என்ற பெயரில் பின்னாளில் பெருந்தெய்வமானவர். இந்த ஆய்வு அந்த ஒரு சுருளை முன்னிறுத்தி, முழுத் தொகுதியும் எப்படி இத்தனை காலம் பிழைத்தது, இனி அதை எப்படிப் பேணவும் காட்டவும் வேண்டும் என்று பார்க்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்டு பிழைத்ததற்குக் காரணம், ஆண்டின் பெரும்பகுதி அது சுருட்டி வைக்கப்பட்டிருந்ததும், தேய்ந்தபோதெல்லாம் ஊரார் காசு திரட்டி அதைச் செப்பனிட்டதும்தான். அருங்காட்சியகம் பின்பற்ற வேண்டிய முறை அதிலேயே இருக்கிறது.

வடக்குத் தெய்வம் எதற்காக அங்கே?

1449இல் மிங் பேரரசர் ஜெங்தோங் படையெடுத்துச் சென்று, தூமு என்ற இடத்தில் ஒய்ராத் மங்கோலியரிடம் சிறைப்பட்டார். ஓராண்டு கழித்துத் திரும்பி வந்தார். ஆனால் அதற்குள் தம்பி அரியணையில் இருந்தார். 1457இல்தான் மறுபடி ஆட்சியைப் பிடித்து, தியான்ஷுன் என்ற புது ஆட்சிப் பெயரைச் சூடினார். பாவ்நிங் கோயில் எழுந்தது அந்தத் தியான்ஷுன் ஆண்டுகளில். மங்கோலியர் இறங்கி வரக்கூடிய வழியில், காவற்படை குடியிருந்த ஒரு நகரத்தில் அது நின்றது. பிற்காலத்தில் சுருள்களைச் செப்பனிட்டவர்கள் எழுதி வைத்த குறிப்பு, இந்தத் தொகுதி எல்லையைக் காப்பதற்காக அரசாணையால் வழங்கப்பட்டது என்கிறது. ஓவியங்களின் தரமும் அதைத்தான் சொல்கிறது. நூல் பிடித்தாற்போல் ஓடும் கோடுகளையும் அடர்ந்த கனிம வண்ணங்களையும் ஆடை விளிம்புகளில் இழைத்த பொன்னையும் பார்த்தால், எல்லைப்புற ஊர்க் கைவினைஞர் வேலையாகத் தோன்றவில்லை.

அப்படிப்பட்ட ஊருக்கு ஜென்வு வந்ததில் வியப்பில்லை. அவர் வடதிசைக்கு அதிபதி. ஆமையும் பாம்பும் அவருடைய சின்னம். முடியைக் கட்டாமல் விரித்துவிட்டு, வெறுங்காலுடன், கரிய உடையில் நிற்பவராக அவரைத் தீட்டுவது வழக்கம். மிங் பேரரசர் யோங்ல தம் வெற்றிக்கு அவரே துணை என்று நம்பி, 1412 முதல் வூடாங் மலையில் அவருக்காக மாபெரும் கோயில் வளாகங்களை எழுப்பினார். மலை உச்சியில் வெண்கலத்தில் வார்த்துப் பொன் பூசிய மண்டபம் 1416ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வட சீனத்தின் மதில் சூழ்ந்த ஊர்களில் வடக்கு மதிலின் மேலேயே ஜென்வு கோயில் கட்டுவது பரவலான வழக்கமாயிற்று. ஆபத்து வரும் திசையில் தெய்வத்தை நிறுத்தினார்கள். யோயூவில் வாழ்ந்தவர்களுக்கு அந்தச் சுருள் ஒரு காவலரின் வருகை.

பௌத்தக் கோயிலில் அவர் எப்படி என்று கேட்கலாம். ஷுய்லு எனப்படும் நீர்-நிலச் சடங்குக்கு உரிய தொகுதி இது. நீரிலும் நிலத்திலும் உள்ள அத்தனை உயிர்களையும், யாரும் திதி கொடுக்காத ஆவிகளையும் அழைத்து உணவளித்து விடுவிக்கும் சடங்கு. அழைப்பிதழ் எல்லாருக்கும் உண்டு. பாவ்நிங் தொகுதியின் கீழ்நிலைச் சுருள்களில் நடிகர்கள், மருத்துவர்கள், கைத்தொழிலாளர்கள், போரில் ஊரை விட்டு ஓடுபவர்கள் எல்லாரும் மிங் காலத்து உடையிலேயே வருகிறார்கள். சீன நாடக வரலாற்றையும் உடை வரலாற்றையும் எழுதுபவர்கள் இன்றும் இந்தச் சுருள்களைத் தேடுவது அதனால்தான்.

ஆண்டில் சில நாள்

ஷான்சியின் தென் கோடியில், ருய்செங் மாவட்டத்தில், யோங்ல கோங் என்ற தாவோ கோயில் இருக்கிறது. அதன் முதன்மை மண்டபச் சுவர்களில் 1325இல் முடிக்கப்பட்ட ஓவியம். ஏறக்குறைய 290 தேவர்கள் அணிவகுத்து நிற்கிறார்கள். சான்மென்சியா அணை கட்டப்பட்டபோது அந்தக் கோயில் நீரில் மூழ்கும் பகுதியில் இருந்ததால், 1950களின் இறுதியில் தொடங்கிச் சுவரோவியங்களைத் துண்டு துண்டாக அறுத்தெடுத்து வேறிடத்தில் பொருத்த வேண்டியதாயிற்று. சுவரில் நிற்கும் தெய்வத்தை நகர்த்துவது அவ்வளவு பெரிய வேலை. சுருளில் இருக்கும் தெய்வமோ, வேண்டும்போது வந்து, முடிந்ததும் பெட்டிக்குள் போய்விடும்.

உள்ளூர் வழக்கப்படி பாவ்நிங் சுருள்கள் சீன நாட்காட்டியின் 4ஆம் மாதம் 8ஆம் நாளை ஒட்டி, அதாவது புத்தர் பிறந்த நாள் விழாவில், வெளியே வரும். மண்டபத்தில் இருபுறமும் தொங்கும். சடங்கு நடக்கும். பின் சுருட்டி உள்ளே வைத்துவிடுவார்கள். ஆண்டுக்கு மூன்று நாள் என்று வைத்துக்கொண்டால், 450 ஆண்டுகளுக்கு 1,350 நாள். ஓர் அருங்காட்சியகச் சுவரில் நாள் தவறாமல் மாட்டி வைத்தால் நான்கு ஆண்டுகூட ஆகாது, அந்தக் கணக்கு தீர்ந்துவிடும்.

மண்டபத்துக்குள் எரிந்த விளக்கின் ஒளியும் அளவானது. ஒரு பரப்பில் விழும் ஒளியை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். ஒரு மெழுகுவர்த்தி ஒரு மீட்டர் தொலைவில் தருவது ஏறக்குறைய 1 லக்ஸ். அதனால் பட்டுக்கு ஒளியால் வந்த கேடு குறைவு. புகையால் வந்தது மிகுதி. ஊதுவத்திப் புகை, எண்ணெய்ப் புகை, ஷான்சியில் நிலக்கரி அடுப்பின் புகை. நிலக்கரிப் புகையில் கந்தகம் உண்டு. பழைய ஓவியர்கள் முகத்துக்கும் கைகளுக்கும் பயன்படுத்திய ஈய வெள்ளை, கந்தகச் சேர்மம் பட்டால் கருத்து ஈய சல்பைடு ஆகிவிடும். சீனப் பழம்பட்டு ஓவியங்களில் முகம் மட்டும் கறுத்துத் தெரிவதைப் பல இடங்களில் பார்க்கலாம். அதை வெறும் அழுக்கு என்று நினைத்துக் கழுவினால் போகாது.

அடுத்தது சுருட்டுவதால் வரும் கேடு. இது மெதுவாக, ஆனால் நிச்சயமாக வரும். தொங்கு சுருள் என்பது பல படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய பொருள். மேலே ஓவியப் பட்டு. அதன் முதுகில் முதல் தாள். சுற்றிலும் சட்டம்போல நெசவுப் பட்டு. எல்லாவற்றுக்கும் பின்னால் முழு நீளப் பின்தாள். மேலே ஒரு மெல்லிய கோல், கீழே உருளைக்கட்டை. படலங்களைச் சேர்த்துப் பிடிப்பது பசைப்புரதம் நீக்கிய கோதுமை மாவுப் பசை. பட்டும் தாளும் ஈரத்தை வேறு வேறு அளவில் வாங்கும், வேறு வேறு அளவில் விரியும். ஒவ்வொரு முறை சுருட்டும்போதும் கீழ்ப்பகுதி, உருளைக்கு நெருக்கமாக இருப்பதால், அதிகமாக வளையும். பசை இறுகிப்போன இடத்தில் முதலில் ஒரு மெல்லிய கிடைக்கோடு விழும். சில பத்தாண்டுகளில் அது மடிப்பாகும். பிறகு பட்டு அந்த இடத்தில் அறும். நீலத்துக்கு அசுரைட், பச்சைக்கு மாலகைட், சிவப்புக்கு சின்னபார் என்று கனிமத் தூள்களை விலங்குப் பசையில் குழைத்துத் தீட்டிய வண்ணம், மடிப்பில் தூளாக உதிரும். ஆழ்ந்த நீலம் வேண்டுமென்றால் அசுரைட்டைப் பெரிய மணிகளாக விட வேண்டும். பெரிய மணி முதலில் உதிரும். தெய்வங்களின் ஆடையில் மிக அழகான நிறம் எதுவோ அதுவே மிக நொய்ந்தது.

1705, 1815

தொகுதியில் என்னை மிகவும் கவர்ந்தவை தெய்வங்களின் சுருள்கள் அல்ல. செப்பனிட்டவர்கள் விட்டுச் சென்ற குறிப்புகள். 139 சுருள்களில் சில, ஓவியமே இல்லாமல் அந்தப் பணியின் பதிவாக இருப்பவை. பழைய தாள்களைக் கழற்றிவிட்டு ஓவியத்தைப் புதிதாக ஒட்டுவதுதான் மறுஒட்டு. முதல் மறுஒட்டு காங்சி பேரரசரின் 44ஆம் ஆண்டில், 1705இல். இரண்டாவது ஜியாசிங் பேரரசரின் 20ஆம் ஆண்டில், 1815இல். அப்போது மிங் அரசு போய்ச் சிங் அரசு வந்துவிட்டது. மஞ்சு அரசர்களின் ஆட்சியில் மங்கோலியா பேரரசுக்குள் வந்துவிட்டது. ஷாஹுகோவ் கணவாய் வழியாகப் படைகளுக்குப் பதில் வணிகர்களும் பிழைப்புத் தேடிகளும் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லையைக் காக்க வந்த சுருள்களுக்குக் காக்க எல்லையே இல்லை. இருந்தும் ஊரார் அவற்றைக் கைவிடவில்லை.

மறுஒட்டு என்பது சின்ன வேலை அல்ல. ஒரு சுருளைப் பிரிப்பதற்குமுன் வண்ணம் நிற்குமா என்று ஈரப்பஞ்சு தொட்டுச் சோதிப்பார்கள். நிற்காத இடத்தில் நீர்த்த பசையைத் தூரிகையால் ஏற்றி உலர விடுவார்கள். பிறகு ஓவியத்தை நனைத்து அழுக்கு நீரை உறிஞ்சி எடுப்பது. பிறகு முகம் கீழாகப் படுக்க வைத்து, பழைய பின்தாளைக் கழற்றி, அதன் பிறகு முதல் தாளையும் எடுப்பது. பட்டு சல்லடையாக இருந்தால், முன்பக்கம் முதலில் ஒரு மெல்லிய தாளைத் தற்காலிகமாக ஒட்டிக்கொள்வார்கள். இல்லையென்றால் பின்தாள் போனதும் ஓவியம் நூல்களாகப் பிரிந்துவிடும். முதல் தாளை உரிப்பது விரல் நுனியால் திரித்துத் திரித்து, இடுக்கியால் இழை இழையாக எடுக்கும் வேலை. பெரிய சுருளுக்கு வாரங்கள் ஆகும்.

சீன உருவ ஓவியத்தில் இந்தக் கட்டம் ஏன் இத்தனை ஆபத்தானது என்பதைச் சொல்ல வேண்டும். பட்டு ஒளி ஊடுருவும் துணி. ஓவியர்கள் பல நேரம் பட்டின் முதுகிலும் வண்ணம் ஏற்றுவார்கள். முகத்தின் பின்னால் வெள்ளை பூசினால் முன்பக்கத் தோல் நிறம் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தெரியும். அந்த வெள்ளை ஒட்டியிருப்பது முதல் தாளோடு. தாளை அவசரமாக இழுத்தால் முகத்தின் பாதி தாளோடு போய்விடும். முன்பக்கம் கோடு ஒன்றும் சிதையாது. ஆனால் தெய்வத்தின் முகம் செத்துத் தெரியும். இதனால்தான் இன்றைய நல்ல பணிமனைகள், முதல் தாள் உறுதியாக இருந்தால் அதைத் தொடுவதே இல்லை.

17ஆம் நூற்றாண்டில் மறுஒட்டுக் கலையைப் பற்றி எழுதிய சௌ ஜியாசௌ, செப்பனிடுபவரை மருத்துவருக்கு ஒப்பிட்டார். கை தேர்ந்தவர் கிடைத்தால் நோயாளி எழுந்துவிடுவார்; இல்லையென்றால் மருந்தே கொன்றுவிடும். சேதமான பழைய ஓவியத்தை வைத்திருப்பவர் நல்ல ஆள் கிடைக்கும்வரை அப்படியே வைத்திருப்பது மேல் என்பது அவர் கருத்து. இன்றும் இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

1460க்கும் 1705க்கும் இடையே 245 ஆண்டு. 1705க்கும் 1815க்கும் இடையே 110 ஆண்டு. முதல் ஒட்டு இரண்டாவதைவிட இரு மடங்கு காலம் தாங்கியது. அரண்மனைப் பணிமனையின் வேலைக்கும் எல்லைப்புற ஊரில் திரட்டிய காசில் நடந்த வேலைக்கும் உள்ள வேறுபாடு ஒரு காரணமாக இருக்கலாம். 245 ஆண்டு முதிர்ந்த பட்டு, புதுப் பட்டுபோலத் தாங்காது என்பது இன்னொரு காரணம். இரண்டாவதை நான் அதிகம் நம்புகிறேன். ஒவ்வொரு மறுஒட்டும் பட்டை நனைக்கிறது, இழுக்கிறது, உலர்த்துகிறது. விளிம்பில் நைந்த ஓரிரு இழை நேராக வெட்டப்படுகிறது. பெயரும் வரிசை எண்ணும் விளிம்பருகே எழுதப்பட்ட ஷுய்லு தொகுதிகளில், அப்படி வெட்டுப்பட்டுப் பெயர் பாதியாகிப்போன சுருள்கள் உண்டு. மறுஒட்டு உயிர் கொடுக்கிறது, அதற்கு விலையும் வாங்குகிறது.

இன்று கையில் எடுத்தால்

நான்கு காவலர் சுருளைப் போன்ற ஒன்று இன்று பணிமனை மேசைக்கு வந்தால் நான்கு இடங்களில் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

முதலில், கழுவுவதா? சீன மரபில் வெந்நீர் ஊற்றித் துண்டால் ஒற்றி எடுப்பது பழைய முறை. பழுப்பு நீர் வடிவதைப் பார்த்தால் யாருக்கும் மேலும் கழுவ ஆசை வரும். ஆனால் பழம்பட்டின் பழுப்பில் ஒரு பகுதிதான் அழுக்கு. மறுபகுதி பட்டு நாரின் முதுமை. அதைக் கழுவ முடியாது. முயன்றால் நார்தான் கரையும். கோயில் சுருளுக்கு இன்னொன்றும் உண்டு. அதில் படிந்த புகை அதன்முன் நடந்த வழிபாட்டின் சுவடு. தளர்ந்த தூசியையும், ஒட்டை அரிக்கும் அமிலத்தையும் நீக்கினால் போதும் என்பேன். புத்தம்புதிதாகத் தெரியும் 15ஆம் நூற்றாண்டுச் சுருள் எனக்கு ஐயத்தைத்தான் தரும்.

இரண்டாவது, கறுத்த ஈய வெள்ளை. இதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடைத் தூரிகை நுனியால் தொட்டு வைப்பது சீனப் பணிமனைகளில் பழகிய முறை. கருமை போய் வெண்மை வரும். வருவது பழைய வெள்ளை அல்ல. ஈய சல்பேட் என்ற வேறு சேர்மம். எஞ்சிய பெராக்சைடு பட்டை நொய்யவும் செய்யும். முகத்தின் வடிவமே தெரியாத அளவு கறுத்திருந்தால் செய்யலாம். சும்மா அழகுக்காக வேண்டாம்.

மூன்றாவது, கிழிசலை அடைப்பது. அடைக்கும் பட்டு மூலப் பட்டின் நெசவையும் தடிமனையும் ஒத்திருக்க வேண்டும். வலிமையில் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். புதுப்பட்டு வலுவானது, சுருட்டும்போது தன்னைச் சுற்றியுள்ள பழம்பட்டை அறுத்துவிடும். ஜப்பானில் மின்னணுக் கற்றை பாய்ச்சிப் புதுப்பட்டை வேண்டிய அளவு முதுமையாக்கும் முறையை உருவாக்கினார்கள். மிக நல்ல தீர்வு அது. மடிப்புகளுக்குப் பின்புறம் சில மில்லிமீட்டர் அகலத் தாள் கீற்றுகளை ஒட்டுவார்கள். சுருளைப் பின்னாலிருந்து ஒளி காட்டிப் பார்த்தால் நூற்றுக்கணக்கான கீற்றுகள் விழுப்புண்கள் போல் தெரியும்.

நான்காவது முடிவுதான் கடினமானது. விட்டுப்போன இடத்தில் கோடு போடுவதா? 1705இலும் 1815இலும் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. வழிபடும் தெய்வத்துக்குக் கண் பாதி இல்லாமல் இருக்க முடியாது. அருங்காட்சியகத்தில் நிலைமை வேறு. அடைத்த பட்டுக்குச் சுற்றுப்புற நிறத்தை ஏற்றிக் கண்ணை உறுத்தாமல் செய்வதோடு நிறுத்துவதா, அழிந்த கோட்டை நீட்டி முடிப்பதா என்று சீனப் பணிமனைகளுக்குள்ளேயே நெடுங்காலமாக வாதம் உண்டு. ஆடையின் ஒரு மடிப்பு, மேகத்தின் ஒரு வளைவு என்றால் இரு பக்கமும் தெரியும் கோட்டை இணைப்பதில் தவறில்லை. முகத்தில், கையில், ஆயுதத்தில் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நால்வரில் யார் யார் என்று நாம் அறிவது முடி கட்டியிருக்கிறதா, கை எத்தனை, கையில் என்ன என்பதை வைத்துத்தான். தவறாகப் போட்ட ஒரு கோடு ஒரு தெய்வத்தை இன்னொன்றாக மாற்றிவிடும். அதே நேரம், சிங் காலத்தில் யாரோ சேர்த்த கோட்டைப் பின்னாளில் சேர்ந்தது என்று சொல்லி அழிப்பதும் கூடாது. பக்தர் ஒருவர் கண்ணை நிறைவாக்க இட்ட கோடு அது. பதிவு செய்துவிட்டு விட்டுவிட வேண்டும்.

சுருளைச் சுருளாகவே வைப்பதா என்ற கேள்வி இதற்கெல்லாம் அடியில் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் பல கிழக்காசியச் சுருள்களைப் பிரித்துத் தட்டையான பலகையில் பரப்பின. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள, அரசவை மகளிருக்கு அறிவுரை கூறும் புகழ்பெற்ற பழைய சீனக் கைச்சுருள் 1914, 1915 ஆண்டுகளில் அப்படிப் பலகையேறியது. சுருட்டுவதால் வரும் மடிப்பு நின்றது. ஆனால் இறுகப் பிடித்த பட்டு ஈரம் மாறும்போதெல்லாம் தன்னைத்தானே இழுத்துக்கொண்டது. 2014 வாக்கில் நிலைப்படுத்தும் பணி தேவைப்பட்டது. பாவ்நிங் சுருள்கள் ஒட்டும் உருளையும் உடைய தொங்கு சுருள்களாகவே நம்மிடம் வந்திருப்பது நற்பேறு. உருளையைச் சுற்றித் தடித்த உறை ஒன்றைப் போட்டு விட்டத்தைப் பெரிதாக்கினால் வளைவு தளரும். மரபை மாற்றாமல் செய்யக்கூடிய மிக எளிய உதவி அது.

காட்சிக்கு வைப்பது

சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் 2004இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒளியால் எளிதில் கெடும் பொருளுக்கு வரம்பு 50 லக்ஸ், ஆண்டுக்கு 15,000 லக்ஸ் மணி. வகுத்துப் பார்த்தால் 300 மணி நேரம். அருங்காட்சியகம் நாளுக்கு 8 மணி நேரம் திறந்திருந்தால் 37 நாள், அல்லது அதற்குச் சற்று மேல். தைப்பே தேசிய அரண்மனை அருங்காட்சியகம் 1984இல் தன் மிக அரிய ஓவியங்களிலும் எழுத்தோவியங்களிலும் 70ஐத் தேர்ந்து, ஒரு முறைக்கு 42 நாளுக்கு மேல் காட்டுவதில்லை என்றும், பிறகு குறைந்தது 3 ஆண்டு ஓய்வு என்றும் விதித்தது. மேலே சொன்ன பிரிட்டிஷ் அருங்காட்சியகச் சுருளும் ஆண்டுக்குச் சில வாரங்களே பார்வைக்கு வருகிறது. வெவ்வேறு வழியில் வந்தவர்கள் ஏறக்குறைய ஒரே எண்ணில் நிற்கிறார்கள். அந்த எண் கோயில் வழக்கத்தைவிட இன்னும் தாராளமானதுதான்.

ஒளிக்கு அடுத்தது காற்று. தாய்யுவான் வறண்ட ஊர். அங்கே சமநிலை கண்ட சுருளை மழைக்காலத்து ஷாங்காய்க்கோ அதைவிட ஈரமான தென் நகரத்துக்கோ கொண்டுபோனால், ஓரங்கள் அலை போல நெளியும். ஈரமான தெற்கில் ஒட்டிய சுருளை வடக்கே கொண்டுவந்தால் எதிர்மாறாக இறுகி விரிசல் விடும் என்பது சீன ஒட்டுக் கைவினைஞர்கள் நன்றாக அறிந்தது. ஒப்பு ஈரப்பதம் 50 முதல் 60 விழுக்காட்டுக்குள் அசையாமல் நிற்க வேண்டும். பெட்டி வந்து இறங்கியதும் அவசரப்பட்டுத் திறக்காமல் அறையின் சூட்டுக்குப் பழக விட வேண்டும்.

தொங்கவிட்டால் கீழ் உருளையின் எடையை மேல் விளிம்புப் பட்டு தாங்குகிறது. சில நாள் விழாவுக்குச் சரி. ஆறு வாரக் கண்காட்சிக்குச் சற்றுச் சாய்ந்த பலகை நல்லது. எடையில் ஒரு பகுதியைப் பலகை வாங்கிக்கொள்ளும். பார்ப்பவருக்குச் சாய்வு தெரிய வேண்டியதில்லை.

எதன் பக்கத்தில் எதை வைப்பது என்பதில்தான் கண்காட்சிகள் மிகவும் தவறுகின்றன. ஷுய்லு சுருள்கள் தனித்து நிற்க எழுதப்பட்டவை அல்ல. மண்டபத்தின் இடப்புறத்துக்கு ஒரு வரிசை, வலப்புறத்துக்கு ஒரு வரிசை. உருவங்கள் மேகத்தின்மேல் நடந்து நடுப்பீடத்தை நோக்கிப் போகும்படி தீட்டப்பட்டிருக்கும். பக்கம் மாற்றி மாட்டினால் தெய்வம் பீடத்துக்கு முதுகு காட்டி வெளியே நடக்கும். அழகான நான்கைத் தேர்ந்து நடுச்சுவரில் வரிசையாக மாட்டும் கண்காட்சியில் இது அடிக்கடி நடக்கிறது. இரண்டு சுவர்கள், நடுவில் வெற்றிடம்: குறைந்தது இதையாவது கொடுக்க வேண்டும். ஜென்வுவின் சுருள் எந்தச் சுவரில், யாருக்கு முன், யாருக்குப் பின் வருகிறது என்பதிலிருந்துதான் பௌத்தக் கோயிலில் தாவோ தெய்வத்தின் தகுதி என்ன என்பது பார்ப்பவருக்குப் புரியும். 1454இல் அரண்மனையில் உருவான இன்னொரு ஷுய்லு தொகுதி இன்று சிதறிக் கிடக்கிறது. பாரிஸின் கிமே அருங்காட்சியகத்தில் ஒரு பகுதி, அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் இன்னொரு பகுதி. அங்கே இருப்பவை தனித்தனி அழகுகளாகத்தான் தெரிகின்றன. பாவ்நிங் தொகுதி ஒரே இடத்தில் நிலைத்திருக்கிறது. அதன் ஒழுங்கைக் காட்டுவதற்கு வாய்ப்புள்ள அருங்காட்சியகம் அதைச் செய்யாமல் விடக் கூடாது.

139ஐயும் ஒரே நேரத்தில் வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம். பருவத்துக்குப் பருவம் இருபது முப்பது மூலங்கள் வெளிவரட்டும். வரிசையின் மற்ற இடங்களில் முழு அளவு நகல்கள் தொங்கட்டும். நகல் எது, மூலம் எது என்று தெளிவாக எழுதி வைத்தால் போதும். சுழற்சியில் ஒரு சுருள் திரும்ப வர ஐந்தாறு பருவம் ஆகும். ஒரு முறைக்கு ஆறு வாரத்துக்கு மேல் வைக்காவிட்டால் ஒளிக் கணக்குக்கும் அது பொருந்தும்.

கண் திறந்த உருவம்

தாவோ, பௌத்த வழக்கங்கள் இரண்டிலும் தெய்வ உருவம் தீட்டி முடித்தபின் கண் திறக்கும் சடங்கு உண்டு. அதுவரை அது வண்ணம் பூசிய பட்டு; அதன்பின் தெய்வத்தின் இருப்பிடம். தைவானில் கோயில் உருவங்களைச் செப்பனிடக் கொடுக்கும்முன், தெய்வத்தை விடைபெறச் சொல்லும் சடங்கைச் செய்து, பணி முடிந்ததும் மறுபடி அழைப்பது இன்றும் நடக்கிறது. அருங்காட்சியகச் சேமிப்பில் அறுபது எழுபது ஆண்டு இருந்துவிட்ட சுருள்களுக்கு அப்படி ஒன்று வேண்டுமா என்பதில் எனக்குக் கருத்து இல்லை. அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அந்த வழிபாட்டைச் சேர்ந்தவர்கள். ஆனால் சில மரியாதைகளுக்குச் சடங்கு தேவையில்லை. தரையோடு தாழ்ந்த பெட்டியில், பார்ப்பவர் காலடி மட்டத்தில் தெய்வத்தின் முகம் வரும்படி வைக்க வேண்டாம். பணிமனையில் முகத்தின்மேல் கருவிகளை வைக்க வேண்டாம். சிலர் நின்று கும்பிடுவார்கள். காவலாளி அவர்களை விரட்டாமல் இருக்கட்டும். அந்தச் சுருள் அதற்காகத்தான் எழுதப்பட்டது.

பெயர்ப்பலகையில் என்ன எழுதுவது என்று கேட்டால், காலம், ஊடகம், அளவு ஆகியவற்றோடு மூன்று செய்திகள் வேண்டும் என்பேன். இது யோயூவின் பாவ்நிங் கோயிலுக்கு உரியது. இது ஆண்டில் சில நாளே வெளியில் இருந்தது. இது 1705இலும் 1815இலும் மறுஒட்டு கண்டது.

அதற்கு மேலும் ஒன்று செய்யலாம். மறுஒட்டுக் குறிப்புகள் எழுதிய சுருள்களைப் பெரும்பாலான பார்வையாளர்கள் பார்ப்பதே இல்லை. ஓவியம் இல்லாத சுருளுக்கு இடம் கொடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை. அடுத்த முறை நான்கு காவலர்கள் வெளியே வரும்போது, அதே சுவரில், அதே உயரத்தில், 1705ஆம் ஆண்டுக் குறிப்பையும் தொங்கவிட வேண்டும். குறிப்பு முழுவதையும் இன்றைய சீனத்திலும் பிற மொழிகளிலும் பெயர்த்து அருகில் வைக்கலாம். பக்கத்தில் ஒரு மேசையில் ஒட்டின் குறுக்குவெட்டு மாதிரி ஒன்று: பட்டு, முதல் தாள், பின்தாள், பசை. தொட்டுப் பார்க்க விடலாம். மாதிரிக்கு ஆகும் செலவு கண்காட்சிச் செலவில் ஒரு பொருட்டே அல்ல.